ஐந்தில் ஒரு பங்கு நாட்: திருவையாற்றில் கட்டிய ஒரு ஜெட் விமான மாதிரி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை வட்டாரத்தில் தென்னை, பலா என்று பார்க்காமல் சாய்த்துவிட்டுப் போனது. அப்படிச் சாய்ந்த ஒரு பெரிய பலாவை என்ன செய்வது என்ற பேச்சில்தான் இந்த வேலை தொடங்கியது. மரத்துக்குச் சொந்தக்காரரின் அண்ணன் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்று திருவையாற்றில் குடியிருப்பவர். 1970களில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்தபோது நாட் போர் விமானத்தில் வேலை பார்த்தவர். வீட்டுக் கொல்லையில் தகரக் கொட்டகை போட்டிருந்தார். கையில் நேரமும் இருந்தது.

வேலையில் மூன்று பேர் இருந்தோம். அவரைத் தெருவே அண்ணன் என்றுதான் கூப்பிடும், இங்கேயும் அப்படியே குறிப்பிடுகிறேன். இரண்டாமவர் தஞ்சாவூரில் வீணை செய்யும் ஆசாரி. மூன்றாவது நான், பாலிடெக்னிக்கில் பொறியியல் வரைபடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். பெயர்கள் வேண்டாம் என்று மற்ற இருவரும் கேட்டுக்கொண்டார்கள்.

நாட் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரிட்டனின் ஃபோலண்ட் நிறுவனத்தில் பெட்டர் என்பவர் வடிவமைத்தது. 1955 ஜூலை 18 அன்று முதலில் பறந்தது. போர் விமானங்கள் வருடத்துக்கு வருடம் கனத்துக்கொண்டே போன காலத்தில், சின்னதாகவும் மலிவாகவும் செய்தாலும் சண்டை போட முடியும் என்று காட்டத்தான் அது பிறந்தது. பெயரே ஒரு சிறு பூச்சியின் பெயர். சுமார் 9 மீட்டர் நீளம், ஆர்ஃபியஸ் என்ற ஒரு ஜெட் எஞ்சின், இரண்டு 30 மி.மீ. பீரங்கிகள். பெங்களூரில் எச்.ஏ.எல். (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) உரிமம் பெற்றுக் கட்டியது. 1965 போரில் பெயர் வாங்கியது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நாட் ஓட்டிச் சண்டையிட்டு வீழ்ந்த நிர்மல் ஜித் சிங் செகோனுக்குப் பரம் வீர் சக்ரா கிடைத்தது. விமானப்படையில் அந்த விருது பெற்றவர் அவர் ஒருவர்தான். உள்ளூர்ப் பள்ளி ஒன்று மாதிரியைத் தன் அரங்கில் வைக்க ஒப்புக்கொண்டது. 2020 டிசம்பர் 14 என்று நாளும் குறித்தோம்.

முதலில் எடுத்த முடிவுகள்

அளவு ஐந்தில் ஒன்று. நீளம் 1.8 மீட்டர் வரும், கொட்டகையில் வைத்துச் சுற்றி வர இடம் இருக்கும். கணக்கும் சுலபம்: அசல் அளவை இரண்டால் பெருக்கிப் புள்ளியை ஓர் இடம் தள்ளினால் போதும். பறக்கும் மாதிரி வேண்டாம் என்பதிலும் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பறக்க வேண்டுமானால் எடைக்குப் பயந்து நுணுக்கங்களை விட வேண்டும். எங்களுக்கோ ஒவ்வொரு ஆணியும் வேண்டும். அத்துடன் தஞ்சாவூர் விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருக்கிறது.

பலா மரம் முதல் நாளிலேயே பட்டியலில் இருந்து போய்விட்டது. "பச்சை மரம் ஐயா. வீணைக்குன்னாலும் நல்லா காயவெச்சுத்தான் கைவைப்போம். இப்ப அறுத்தா முறுக்கிக்கும்" என்றார் ஆசாரி. அதை அறுத்து நிழலில் அடுக்கி வைத்துவிட்டோம். உடல்கூட்டின் குறுக்கு வளையங்களுக்கு 6 மி.மீ. பிளைவுட்டும், நீளவாட்டுச் சட்டங்களுக்குப் பழைய தேக்கு ரீப்பரும் எடுத்துக்கொண்டோம். மேல் தோலுக்கு அச்சகங்களில் பயன்படுத்திக் கழித்த ஆப்செட் பிளேட். மெல்லிய, சுத்தமான அலுமினியத் தகடு அது, பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும்.

வரைபடம்

இந்தப் பகுதியில் நடந்த தவறு என்னுடையது.

நாட் விமானத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஒற்றை இருக்கைப் போர் விமானம், இந்தியாவில் இருந்தது அதுதான். மற்றொன்று பிரிட்டிஷ் விமானப்படை பயிற்சிக்கு வைத்திருந்த இரட்டை இருக்கை. அவர்களுடைய சாகசக் குழுவான ரெட் ஆரோஸ் பல ஆண்டுகள் ஓட்டியதும் இந்த இரண்டாவது வகைதான். அதனால் படம் தேடினாலும், வரைபடம் தேடினாலும், கடையில் பிளாஸ்டிக் கிட் தேடினாலும் பெரும்பாலும் பயிற்சி விமானம்தான் முன்னால் வந்து நிற்கும். இரண்டுக்கும் இருக்கை மட்டுமே வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் இறக்கையே வேறு.

பக்கவாட்டுத் தோற்றம் ஓரிடத்தில் கிடைத்தது, ஒற்றை இருக்கை, அது சரிதான். இறக்கைக்கு இன்னோர் இடத்தில் இருந்து அடித்தோற்றம் எடுத்தேன். விமானத்தைக் கீழே இருந்து பார்க்கும் படத்தில் இருக்கை எத்தனை என்று தெரியாது. அதோடு அச்சாகியிருந்த 24 அடி என்ற இறக்கை அகலத்தை வைத்தே பெரிதாக்கிப் பிரதி எடுத்துவிட்டேன்.

எச்சரிக்கை இரண்டு முறை வந்தது. 2019 பிப்ரவரியில் படத்தைக் கொட்டகைச் சுவரில் ஒட்டிய அன்றைக்கே அண்ணன் அலிரானைக் காட்டினார், விமானத்தைச் சாய்த்துத் திருப்ப இறக்கையின் பின்னோரத்தில் மேலும் கீழும் அசையும் மடல் அது. இறக்கை நுனிப் பக்கம் வரைந்திருந்தது. "இது உள்பக்கம்தான் இருக்கும் வாத்தியாரே. சக்கரத்தை எறக்குனா இதுவும் சேர்ந்து தொங்கும். எத்தனை தடவை கழட்டி மாட்டியிருக்கேன்" என்றார். வரைபடத்தில் இப்படித்தான் இருக்கிறது அண்ணே என்றேன். அவர் மேற்கொண்டு பேசவில்லை. கையேட்டில் இருப்பதற்கு மாறாக நினைவை வைத்து எதையும் தொடக்கூடாது என்று படையில் பழகியவர் அவர். அந்தப் பழக்கம் எனக்கு வசதியாகப் போய்விட்டது. அவர் சொன்னதை வேலைக் குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதி வைத்தேன். எழுதியதோடு சரி.

இரண்டாவது எச்சரிக்கை மே மாதம். இறக்கையின் அடிப்பாகம் உடல்கூட்டில் அதற்கென விட்டிருந்த இடத்தைவிடப் பல சென்டிமீட்டர் நீளமாக இருந்தது. ஜெராக்ஸ் மெஷின் இழுத்திருக்கும் என்று முடிவு கட்டினேன். நகலெடுக்கும் இயந்திரம் தாள் ஓடும் திசையில் படத்தைக் கொஞ்சம் நீட்டும் என்பது உண்மைதான், ஆனால் அது ஒரு சதவீதம் வரை போகும், பதினைந்து சதவீதம் போகாது. முப்பது வருஷம் இதையே பாடமாக நடத்தியவன் இதைச் சொல்லத் தயங்க வேண்டும். சொல்லிவிடுகிறேன். ஆசாரியிடம் உடல்கூட்டில் இடத்தைக் கொஞ்சம் வெட்டி அகலப்படுத்தச் சொன்னேன், அவரும் செய்தார்.

கூடும் தோலும்

இதற்கிடையே உடல்கூடு நன்றாகவே வந்துகொண்டிருந்தது. முதுகெலும்பு போல நடுவில் ஒரு நேர்ப்பலகை நிறுத்தி, அதில் 22 வளையங்களைக் கோத்து, ஒவ்வொன்றையும் தூக்குக் குண்டு தொங்கவிட்டு நிமிர்த்தினார் ஆசாரி. வீணைக் குடத்தைக் குடையும்போது பலகையின் தடிப்பை விரலால் தட்டிச் சத்தத்தில் கண்டுபிடிப்பாராம். இங்கேயும் சட்டம் ஒட்டாமல் நின்ற இடங்களைத் தட்டியே சொன்னார்.

ஓட்டுநர் அறையின் உள்வேலைக்கு நெட்டி எடுத்தோம். குளத்தில் வளரும் தக்கை போன்ற செடி. தஞ்சாவூரில் அதைச் சீவித்தான் பெரிய கோயில் மாதிரிகள் செய்கிறார்கள். பிளேடால் அரை மில்லிமீட்டருக்குச் சீவலாம், எடையே கிடையாது. கருவிப் பலகையின் முட்டுகளும் இருக்கை மெத்தையும் அதில்தான் செய்தோம். வெளிநாட்டில் மாதிரி செய்பவர்கள் பால்சா மரத்தைச் சொல்வார்கள். இந்த வேலைக்கு நெட்டி அதற்கு ஒரு படி மேல் என்பது என் எண்ணம். ஈரத்தைப் பக்கத்தில் விடாமல் இருந்தால் போதும்.

ஆப்செட் பிளேட் வளைவான இடங்களில் முறைத்துக்கொண்டு நிற்கும். அதைச் சூடாக்கி மிருதுவாக்க வேண்டும். ஆனால் அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து காட்டாது, கொஞ்சம் அதிகமானால் சட்டென்று உருகிவிடும். அதற்கு அண்ணன் ஒரு வழி காட்டினார். சலவை சோப்பைத் தகட்டில் தேய்த்து, மறுபக்கத்தில் இருந்து கேஸ் அடுப்புத் தீயைக் காட்ட வேண்டும். சோப்புக் கோடு கரும்பழுப்பானதும் எடுத்துவிட்டால் தகடு துணி மாதிரி மடங்கும். ரிவெட் தலைகளுக்குத் தையல்காரர் துணியில் குறி போடும் பல் சக்கரம். தகட்டின் பின்பக்கம் அட்டை வைத்து, இரும்பு ஸ்கேல் ஓரமாக உருட்டினால் ஒரே சீரான புள்ளி வரிசை முன்பக்கம் எழும்பும்.

கண்டறிதல்

அந்த வருடம் மேட்டூர் அணை ஆகஸ்ட் 13 அன்றுதான் திறந்தது. உதவிக்கு இருந்த இரண்டு பையன்களும் வயல் வேலைக்குப் போய்விட்டார்கள், கொட்டகையில் வேலை மெதுவானது. அந்த ஓய்வில் அண்ணன் டெல்லியில் படிக்கும் பேத்தியிடம், அங்கே பாலம் என்ற பகுதியில் இருக்கும் விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போய் நாட் விமானத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார். என்னிடம் சொல்லாமல் கேட்டிருக்கிறார். ஒன்றரை மாதம் கழித்து ஒரு மாலை, கைபேசியை எனக்கு முன்னால் வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். அலிரான் உள்பக்கம் இருந்தது.

அன்று இரவு அளவுகளை வரிசையாக எழுதினேன். ஒற்றை இருக்கை: இறக்கை அகலம் 6.73 மீட்டர், பரப்பு 136.6 சதுர அடி. பயிற்சி விமானம்: 7.32 மீட்டர், 175 சதுர அடி. எங்கள் மாதிரியில் 134.6 செ.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 146.4 செ.மீ. இருந்தது. பக்கத்துக்கு ஏறக்குறைய 6 செ.மீ. அதிகம்.

வெட்டுவதா, புதிதாகச் செய்வதா

இறக்கையின் எலும்புக்கூடு முடிந்து, இடது பக்கம் தகடும் பாதி ஒட்டியாகிவிட்டது. நுனியில் 6 செ.மீ. அறுத்துவிடலாம் என்று ஆசாரி சொன்னார், முதலில் எனக்கும் அதுதான் தோன்றியது. பரப்பைக் கணக்குப் போட்டதும் அது உதவாது என்று தெரிந்தது. பரப்பை அகலத்தால் வகுத்தால் இறக்கையின் சராசரி முன்பின் நீளம் வரும். எங்கள் அளவில் சரியான இறக்கைக்கு அது 38 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, நாங்கள் கட்டியதற்கு 44 செ.மீ.க்கு மேல். நுனியை அறுத்தால் குட்டையான, பருமனான ஓர் இறக்கை மிஞ்சும், எந்த நாட் விமானத்திலும் இல்லாத இறக்கை. அலிரான் இடமும் மாற வேண்டும். பயிற்சி விமானத்துக்கு வால் துடுப்புகளும் பெரிது என்பதால், என் படத்தில் இருந்து எடுத்த படுக்கை வாலும் தப்பு.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியவா போகிறது என்று ஒருவர் கேட்டார். அண்ணன் பதிலே சொல்லவில்லை. மறுநாள் காலையில் நான் வந்தபோது இடது இறக்கைத் தகட்டை உரித்துச் சுருட்டி வைத்திருந்தார். அதுதான் முடிவு.

ஆறு மாத வேலை போனது. இந்த முறை வரைபடத்தில் குறுக்கும் நெடுக்கும் 10 செ.மீ. கோடு போட்டு, பெரிதாக்கிய பிறகு இரண்டையும் அளந்து பார்த்தோம். ஒரே மூலத்தின் மூன்று தோற்றங்களை மட்டும் எடுத்தோம். பிளைவுட்டை அறுக்கும் முன் அண்ணன் ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் கையெழுத்து போட வேண்டும் என்று ஏற்பாடு. இரண்டு இடங்களில் போட மறுத்தார், இரண்டிலும் அருங்காட்சியகப் படம் அவர் பக்கம்தான் பேசியது.

ஐப்பசி

புது இறக்கைக்கும் உடலுக்கும் தோல் ஒட்டியது ஐப்பசி, கார்த்திகையில். இது மூவரும் சேர்ந்து செய்த தப்பு. ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, காயவிட்டு, அழுத்த வேண்டும். அதில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர்விக்கும். அடைமழை நாளில் காற்றின் ஈரம் அந்தக் குளிர்ந்த பசையின் மேல் கண்ணுக்குத் தெரியாத பனியாகப் படியும், பிறகு பிடிப்பு இருக்காது. ஒட்டும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. தை பிறந்து வெயில் ஏறியதும் உடலின் இரண்டு பக்கமும் அப்பளம் மாதிரி உப்பியது. ஜனவரி 20 அன்று தஞ்சாவூர்த் தளத்தில் சுகோய் 30 போர் விமானப் படைப்பிரிவு சேர்ந்தது. தலைக்கு மேல் 22 மீட்டர் நீள விமானங்கள் உறுமிக்கொண்டு போக, நாங்கள் கீழே 1.8 மீட்டர் விமானத்தின் கொப்புளத்தை ஊசியால் குத்திக்கொண்டிருந்தோம்.

பசை பாதிக் காரணம். மீதிக் காரணம் தகட்டின் நீளம். கூட்டிணைப்பு தெரியாமல் இருக்கட்டும் என்று 60 செ.மீ. நீளத்துக்கு ஒரே தகடாக ஒட்டி, மேலே பேனல் கோடுகளைக் கீறியிருந்தோம். 25 டிகிரி சூடேறினால் அந்தத் தகடு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளும். மரம் அப்படி நீளாது. அந்த நீளம் மேலேதான் எழும்ப வேண்டும். முழுவதையும் உரித்து, அசல் விமானத்தில் பேனல் எங்கே முடிகிறதோ அங்கேயே தனித்தனித் துண்டாக வெட்டி ஒட்டினோம். ஓரங்களுக்கு எபாக்சி பசை. மாசி, பங்குனியில், காலை பத்து மணிக்குப் பிறகு மட்டும். கோடுகள் கீறியதைவிட அழகாக வந்தன, அவை நிஜமான இணைப்புகள் என்பதால்.

சுவாமிமலை

சக்கரக் கால்களைப் பித்தளையில் வார்க்க சுவாமிமலையில் ஒரு சிற்பக் கூடத்தை அணுகினோம். சாமி சிலைகளைத் தவிர வேறு வேலை தொடாதவர்கள். நாட் விமானத்தின் கால்கள் உடலுக்குள் மடங்குபவை. தனி ஏர்பிரேக் கிடையாது, வேகம் குறைக்கக் கால்களைப் பாதி இறக்கினால் கதவுகள் காற்றைத் தடுக்கும். அண்ணன் இதைக் கையாலேயே நடித்துக் காட்டினார். அதைக் கேட்ட பிறகுதான் அங்கிருந்த பெரிய ஸ்தபதி மெழுகு உருவைக் கையில் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்து, "அளவு கூட்டி வெச்சிருக்கீங்களா? உலோகம் ஆறுனா சுருங்கும்" என்றார். கூட்டவில்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து அவர்களே புதிதாகச் செய்து, காவிரி வண்டல் பூசி, மூன்று கால்களையும் வார்த்துக் கொடுத்தார்கள். வார்ப்பில் குறையே இல்லை. ஆனால் எடையைத் தாங்க வெறும் பித்தளை போதவில்லை, பின்னங்கால் ஒன்று வளைந்தது. உள்ளே துளையிட்டு இரும்புக் கம்பி செருகினோம்.

நிறுத்தியதும் விமானம் வாலில் உட்கார்ந்தது. மூக்குச் சக்கர விமானங்களின் மாதிரியில் வழக்கமாக வருவதுதான், தெரிந்திருந்தும் மறந்துவிட்டோம். நாகப்பட்டினத்தில் இருந்து மீன்வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை வாங்கி வந்து நான்கு கிலோ மூக்கில் நிரப்பினோம்.

விளைவு

2020 மார்ச் 25 ஊரடங்கில் எல்லாம் நின்றது. ஆசாரி தஞ்சாவூரில், நாங்கள் திருவையாற்றில். பள்ளி திறக்கவே நாளானது. ஓட்டுநர் அறையை மூடும் கண்ணாடிக் கூண்டான கேனபி மட்டும் அந்தக் காலத்தில் முடிந்தது. அக்ரிலிக் தாளைச் சூடாக்கி மர அச்சின் மேல் இழுக்கும் வேலை. நான்கு உடைந்தன, ஐந்தாவது நின்றது.

நிறத்தில் கடைசியாக ஒரு வாக்குவாதம். அண்ணன் வேலை பார்த்த விமானங்களுக்கு உருமறைப்பு நிறம். 1965 காலத்து நாட் விமானங்கள் வெள்ளி மேனி. தகட்டை மூடுவதா என்று ஆசாரியும் நானும் வெள்ளியைக் கேட்டோம். அண்ணன் ஒத்துக்கொண்டார், ஆனால் வாலில் விமான எண் எழுதக்கூடாது என்றார். தான் தொட்ட எந்த எண்ணும் இந்த நிறத்தில் இருந்ததில்லை, தொடாத எண்ணை எழுத மாட்டேன் என்பது அவர் கட்சி. வால் வெறுமையாகவே இருக்கிறது.

2022 டிசம்பர் 14, குறித்த நாளுக்குச் சரியாக இரண்டு வருடம் கழித்து, மாதிரி பள்ளி அரங்குக்குப் போனது. இறக்கையைக் கழற்றி மினி லாரியில் ஏற்றினோம். அரங்கில் மாட்டி முடித்ததும் அண்ணன் இரண்டு அலிரான்களையும் கையால் கீழே இறக்கி விட்டார். சக்கரம் இறங்கியிருக்கும்போது அவை அப்படித்தான் தொங்க வேண்டும்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

அடுத்த மாதிரிக்கு முதல் மூன்று மாதம் அறுவையே கிடையாது, அளவு சரிபார்ப்பு மட்டும். அகலம், பரப்பு, நீளம் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று ஒரு தாளில் கணக்குப் போட்டிருந்தால் பிப்ரவரியிலேயே பிடித்திருக்கலாம். அரை மணி நேர வேலை. அருங்காட்சியகப் படங்களை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், அதுவும் தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்த படங்கள். கிட்டத்தில் நின்று எடுத்தால் மூக்கு பெருத்து அளவு ஏமாற்றும்.

குறிப்பேட்டில் எதிர்ப்புகளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். ஒருவர் ஒன்றைச் சந்தேகப்பட்டு எழுதினால், அதற்குப் பதில் எழுதாமல் அந்தப் பாகத்தில் கைவைப்பதில்லை.

பலா மரம் காய்ந்துவிட்டது. இப்போது மாதிரியைத் தாங்கும் பீடம் அதில்தான். போன கார்த்திகையில் இடது இறக்கையின் அடியில் ஒரு தகடு நகக்கண் அளவுக்கு எழும்பியிருப்பதைப் பார்த்தோம். மாசியில் ஒட்டலாம் என்று விட்டிருக்கிறோம்.